பழைய வீடியோ விளையாட்டுகள்: விலைக்கா, வாடகைக்கா?



இம்முறை பாடநூலையும் தேர்வையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் போகின்றேன். "தமிழாசிரியருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். பொறுமையாகப் படித்து முடியுங்கள். நம் பிள்ளைகள் 'இது என்னுடையது' என்று எதைக் காட்டிச் சொல்லப் போகின்றார்கள் என்னும் கேள்வி இதற்குள் இருக்கின்றது.

கடந்த பருவத்தில் மதிப்பெண் அட்டை வழங்கும் நாளன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பெற்றோர் என்னைக் காண வந்தனர். தந்தை லாரி ஓட்டுநர். மகனின் கணிதத்தையும் கட்டுரையையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, தயங்கித் தயங்கி இன்னொன்றைக் கேட்டனர். பையனுக்கு அவனுடைய மாமா தாம் பயன்படுத்திய விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்திருக்கின்றார். அப்பா சிறு வயதில் விளையாடிய 'மாரியோ'வையும் 'கொன்ட்ரா'வையும் தானும் விளையாட வேண்டுமென்று பையன் கேட்கின்றான். அப்பாவுக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால், பழைய விளையாட்டு வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும், கட்டினால் நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வரும் என்று யாரோ சொல்லியிருக்கின்றார்கள்.

அந்தத் தாயார் கேட்ட கேள்வி என் மனத்தில் அப்படியே நின்றுவிட்டது: "ஐயா, ரெண்டு விளையாட்டுக்காக நூறு விளையாட்டுக்குக் காசு கட்டணுமா? அந்த ரெண்டை மட்டும் விற்க மாட்டாங்களா?"

அன்று என்னால் சரியான விடை கூற இயலவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்ததையும் என் கருத்தையும் இங்கே எழுதுகின்றேன்.

அன்று நாம் எப்படி விளையாடினோம்?

எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் இந்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயரைக் கேட்டாலே முகம் மலரும். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' பெட்டியைப் போலச் செய்யப்பட்ட தைவான் நாட்டுப் பெட்டி அது. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் அது இருந்தால், மாலையில் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அந்த வீட்டு வாசலில்தான் இருப்பார்கள். கேசட்டைச் செருகுவோம்; வராவிட்டால் கழற்றி ஊதிவிட்டு மறுபடியும் செருகுவோம். ஊதுவதால் பயன் உண்டா இல்லையா என்று யாரும் ஆராய்ந்ததில்லை!

அந்தக் கேசட் ஒரு பொருள். கையில் பிடிக்கலாம். நண்பனுக்கு ஒரு வாரம் இரவல் தரலாம். அலுத்துவிட்டால் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரவுச் சந்தையில் பாதி விலைக்கு விற்கலாம். தம்பிக்கு விட்டுச் செல்லலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அவற்றில் பெரும்பாலானவை உரிமம் பெறாத நகல்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். '64 இன் 1' என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் ஒரே விளையாட்டு நான்கு பெயரில் இருக்கும். அன்று நமக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. அசல் எது, போலி எது என்று சொல்லித் தருவாரும் இல்லை.

இன்று எப்படி விற்கின்றார்கள்?

பழைய விளையாட்டுகளை நிறுவனங்களே முறையாக இணையவழி விற்கத் தொடங்கியது பெரிய மாற்றம். நிண்டெண்டோ 2006இல் 'வீ' என்னும் பெட்டியை வெளியிட்டபோது, அதனுடன் 'வர்ச்சுவல் கன்சோல்' என்ற விற்பனைப் பகுதியையும் தொடங்கியது. அமெரிக்க விலைப்படி எண்பதுகளின் விளையாட்டு பொதுவாக 5 டாலர். அடுத்த தலைமுறைப் பெட்டிக்கானது 8 டாலர். 'நிண்டெண்டோ 64' விளையாட்டு 10 டாலர். விரும்பியதை ஒவ்வொன்றாக வாங்கலாம். அந்தத் தாயார் கேட்டது இதைத்தான்.

2017இல் 'ஸ்விட்ச்' பெட்டி வந்தபோது அந்த முறையைக் கைவிட்டனர். 2018 செப்டம்பரில் 'நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன்' என்ற சந்தா தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 19.99 டாலர், 20 பழைய விளையாட்டுகள். பிறகு பட்டியல் ஆண்டுதோறும் வளர்ந்தது. 2021 அக்டோபரில் கூடுதல் தொகுப்பு ஒன்று வந்தது. அதனோடு சேர்த்து ஆண்டுக்கு 49.99 டாலர். 'நிண்டெண்டோ 64' விளையாட்டுகளும் சேகா நிறுவனத்தின் 'மெகா டிரைவ்' விளையாட்டுகளும் இந்த உயர்ந்த சந்தாவில்தான் கிடைத்தன.

சோனி நிறுவனம் இரண்டு வழியையும் கலந்து பார்த்தது. 2022இல் 'பிளேஸ்டேசன் பிளஸ்' சந்தாவை மாற்றியமைத்தபோது, உயர்ந்த நிலைச் சந்தாவில் பழைய விளையாட்டுகளைச் சேர்த்தது. அவற்றில் பலவற்றைத் தனியாகவும் விற்றது.

ஜப்பானின் ஹாம்ஸ்டர் என்ற சிறிய நிறுவனம் 2014 முதல் 'ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ்' என்ற வரிசையில், அந்நாளைய விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடிய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக விற்று வருகின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுப் பெட்டிக்காக 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஸ்விட்ச் பெட்டியில் சந்தாவுக்குள் அடைபட்டது. ஆனால், அதே விளையாட்டின் கூடத்து வடிவமான 'வி.எஸ். சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', இந்த வரிசையில் 2017 டிசம்பரில் 7.99 டாலருக்குத் தனியாக விற்பனைக்கு வந்தது! ஒரே பெட்டி, ஒரே இணையக் கடை, அண்ணனுக்குச் சந்தா, தம்பிக்கு விலை. ஆகவே, 'தனியாக விற்க இயலாது' என்பது தொழில்நுட்பக் காரணமன்று. அது வணிக முடிவு.

சந்தாவின் பக்கமுள்ள நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது ஆசிரியருக்கு அழகன்று. சந்தாவிலும் நன்மைகள் உண்டு.

முதலாவது, பார்த்துச் சுவைக்கும் வாய்ப்பு. பெயரே கேள்விப்படாத விளையாட்டை 5 டாலர் கொடுத்து வாங்க யாரும் முன்வர மாட்டார்கள். சந்தாவில் இருந்தால் ஒரு மாலைப் பொழுது ஆடிப் பார்ப்பார்கள். விலை போகாத நல்ல விளையாட்டுகளுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கின்றது.

இரண்டாவது, குடும்பத்துக்கு மலிவு. நிண்டெண்டோவின் குடும்பச் சந்தா 34.99 டாலருக்கு எட்டுக் கணக்குகள் வரை இடமளித்தது. அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து கட்டினால் ஆளுக்கு 5 டாலருக்கும் குறைவு. பிறருடன் இணையவழி ஆடும் வசதியும் அதே பணத்தில் கிடைக்கின்றது.

மூன்றாவது, மீண்டும் மீண்டும் வாங்கும் தொல்லை இல்லை. பழைய தனி விற்பனை முறையில் இது பெருங்குறையாக இருந்தது. 'வீ' பெட்டியில் வாங்கிய மாரியோவை '3டிஎஸ்' கைப்பெட்டியில் ஆட மறுபடியும் வாங்க வேண்டும். 'வீ யு' பெட்டிக்கு மாறியவர்கள் புதிய வடிவத்திற்காக ஒவ்வொரு விளையாட்டுக்கும் பொதுவாக 1 டாலர் அல்லது 1.50 டாலர் மீண்டும் கட்டினார்கள். சந்தாவோ ஆளின் கணக்கைத் தொடர்ந்து செல்கின்றது. 2025இல் 'ஸ்விட்ச் 2' வந்தபோது அதே சந்தா அதிலும் செல்லுபடியாயிற்று.

இவற்றை நான் மறுக்கவில்லை. அப்படியிருந்தும் தனி விற்பனையின் பக்கமே நிற்கின்றேன். காரணங்களைக் கீழே அடுக்குகின்றேன்.

1. கணக்கு போட்டுப் பாருங்கள்

ஆறாம் ஆண்டு மாணவனுக்குக் கொடுக்கக்கூடிய கணக்குதான். ஒரு பிள்ளை உண்மையில் விரும்பி ஆடும் பழைய விளையாட்டுகள் நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 5 முதல் 8 டாலர் என்றால் மொத்தம் 20 முதல் 32 டாலர். செலவு அத்துடன் முடிந்தது. சந்தா என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 டாலர். முதலாண்டில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஐந்தாண்டில் சந்தா 100 டாலர். பத்தாண்டில் 200 டாலர். பத்தாண்டு கட்டிவிட்டு நிறுத்தினால் கையில் என்ன இருக்கும்? ஒன்றுமில்லை.

ஐம்பது விளையாட்டு ஆடுகின்றவனுக்குக் கணக்கு மாறும் என்பது உண்மைதான். அவனுக்குச் சந்தாதான் ஆதாயம். ஆனால், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் 1980களின் விளையாட்டு ஐம்பதைத் தேடி ஆடப் போகின்றார்கள்? அப்பா சொன்ன கதையில் வந்த ஒன்றிரண்டைத்தானே கேட்கின்றார்கள்?

இதில் தானியங்கிப் புதுப்பித்தல் என்ற சங்கதி வேறு. வங்கி அட்டையை ஒருமுறை பதிந்துவிட்டால் பணம் தானே கழிந்துகொண்டிருக்கும். பையன் விளையாடுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருக்கும். பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். மாதச் சம்பளத்தில் ஒவ்வொரு ரிங்கிட்டையும் எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு இது சிறிய விசயமன்று.

2. சந்தா நின்றால் எல்லாம் நின்றது

சந்தா முடிந்த மறுநாளே பட்டியலிலுள்ள விளையாட்டுகள் திறவா. பெட்டி இருக்கும், மின்சாரம் இருக்கும், பிள்ளையின் ஆசையும் இருக்கும். விளையாட்டு மட்டும் இராது. குடும்பத்தில் வருமானம் குறைந்த மாதத்தில் முதலில் வெட்டப்படுவது இத்தகைய செலவுதான். அப்பாவின் வேலை போன மாதத்தில்தான் பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு விளையாட்டு தேவைப்படும். அந்த மாதத்தில்தான் அது பறிபோகும். வாங்கி வைத்த கேசட்டை எந்தக் கடைக்காரரும் வீட்டுக்கு வந்து திரும்பக் கேட்டதில்லை.

மேலும், நிண்டெண்டோவின் சந்தா விளையாட்டுகளைத் தொடர்ந்து ஆட, ஏழு நாளுக்கு ஒருமுறையாவது பெட்டியை இணையத்தில் இணைக்க வேண்டும். பட்டணத்தில் இருப்பவருக்கு இது பொருட்டன்று. இணையத் தொடர்பு வருவதும் போவதுமாக இருக்கும் உள்தோட்டத்துப் பிள்ளைக்கு? பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டில் இரண்டு வாரம் தங்கும் பிள்ளைக்கு?

3. பட்டியலிலிருந்து நீங்கினால் கேட்பதற்கு உரிமையில்லை

இங்கே இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுக் காட்ட விரும்புகின்றேன்.

சேகா நிறுவனம் தன் பழைய விளையாட்டுகளைக் கணினிக்கான 'ஸ்டீம்' கடையில் பல ஆண்டுகள் தனித்தனியாக விற்றது. 2024 டிசம்பரில் அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. புதிதாக வாங்க இயலாது. ஆனால், முன்பே வாங்கியவர்களுக்கு அவை தொடர்ந்து கிடைத்தன.

நிண்டெண்டோவோ 2025 மார்ச்சில் ஜப்பானியச் சந்தாப் பட்டியலிலிருந்து பழைய காற்பந்து விளையாட்டு ஒன்றை நீக்கியது. ஆண்டுக்கணக்கில் பணம் கட்டி வந்தவர், நேற்று முன்தினம் பணம் கட்டியவர் என்ற வேறுபாடே இல்லை. பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான்.

இரண்டு நிறுவனங்களும் ஒரே செயலைத்தான் செய்தன. ஆனால், விலைக்கு வாங்கியவருக்கு ஓர் உரிமை எஞ்சியது. வாடகைக்கு எடுத்தவருக்கு எதுவும் எஞ்சவில்லை.

4. நூறு இருந்தால் ஒன்றும் இல்லை

இது ஆசிரியர் என்ற முறையில் என் வகுப்பறையில் நான் கண்டது. நூலகத்திலிருந்து ஒரே ஒரு கதை நூலைக் கொடுத்து அனுப்பினால் பிள்ளை அதைப் படித்து முடித்துவிட்டு வருகின்றது, கதையைச் சொல்கின்றது. பத்து நூல்களை மேசையில் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் புரட்டிப் படம் பார்த்துவிட்டு 'படித்துவிட்டேன் ஐயா' என்கின்றது.

பழைய விளையாட்டுகள் கடினமானவை. மூன்று உயிர் போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கடினத்தில்தான் அவற்றின் பயனும் இருக்கின்றது. நாம் ஒரே கேசட்டை ஆறு மாதம் ஆடினோம். ஏனென்றால் வேறு கேசட் இல்லை! தோற்றுத் தோற்று, எந்தச் செங்கல்லுக்குள் என்ன இருக்கின்றது என்று மனப்பாடமாகத் தெரிந்த பிறகு வென்றோம். நூறு விளையாட்டுகள் வரிசையில் காத்திருக்கும் பிள்ளை, இரண்டு முறை தோற்றதும் அடுத்ததற்குத் தாவிவிடுகின்றது. முயற்சியைப் பற்றி நாம் நன்னெறிப் பாடத்தில் நடத்துவதை, விளையாட்டுப் பட்டியல் மாலையில் அழித்துவிடுகின்றது.

தன் உண்டியல் காசில் வாங்கிய ஒரு விளையாட்டைப் பிள்ளை எப்படிப் போற்றுகின்றது என்று பாருங்கள். தேர்ந்தெடுக்க யோசிக்கின்றது, காத்திருக்கின்றது, வாங்கிய பின் அதற்கு மதிப்புக் கொடுக்கின்றது. இது ஒரு பாடம். சந்தாவில் இந்தப் பாடம் இல்லை.

5. முறையாக விற்காவிட்டால் திருட்டு நகல் பெருகும்

'பத்தாயிரம் விளையாட்டுகள்' என்று போட்ட சிறு குச்சிகள் இணையச் சந்தையில் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. தொலைக்காட்சியில் செருகினால் போதும். அவற்றிலுள்ள விளையாட்டுகளுக்கு உரிமம் உண்டா என்று கேட்பவரில்லை. '64 இன் 1' கேசட்டின் பேரப்பிள்ளைகள் இவை!

வகுப்பில் நேர்மையைப் பற்றிப் பேசும் நான் இதை ஆதரிக்க முடியாது. ஆனால், ஒரு தந்தை ஏன் அதை வாங்குகின்றார் என்பது எனக்குப் புரிகின்றது. ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், இணையம் வேண்டா, மாதந்தோறும் கட்ட வேண்டா. அவருக்கு வேண்டியதை நேர்மையான கடைக்காரர் விற்க மறுக்கின்றார், நேர்மையற்றவர் விற்கின்றார். ஒன்றிரண்டு விளையாட்டை நியாய விலைக்குத் தனியாக விற்றால், பலர் நேர்வழியிலேயே வாங்குவார்கள் என்பது என் நம்பிக்கை.

தனி விற்பனையும் குறையற்றதன்று

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, என் பிள்ளைகளுக்காக ஒரு பெட்டியின் இணையக் கடையில் ஆறு பழைய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சில ஆண்டுகளில் பெட்டி பழுதாயிற்று. பழுது பார்க்கப் பாகம் கிடைக்கவில்லை. வாங்கியவை அந்தப் பெட்டியோடு பூட்டப்பட்டிருந்தன. ஆறும் போயின. 'விலைக்கு வாங்கினேன்' என்று நான் எண்ணியிருந்தது உண்மையில் நீண்ட வாடகைதான் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இது என் ஒருவனின் கதையன்று. 'வீ' பெட்டியின் கடை 2019 சனவரி 30ஆம் நாள் மூடப்பட்டது. '3டிஎஸ்', 'வீ யு' கடைகளில் 2023 மார்ச் 27ஆம் நாளுடன் விற்பனை நின்றது. சோனியும் 2021 மார்ச்சில் தன் பழைய கடைகளை மூடப் போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 'பிளேஸ்டேசன் 3', 'வீட்டா' கடைகளை மட்டும் விட்டுவைத்தது.

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேசன் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன்பு அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று அது கூறியது. நூறு நூல்கள் அச்சான நாட்டில் பதின்மூன்று மட்டுமே கடையில் கிடைக்கின்றன என்றால் நாம் எப்படிப் பதறுவோம்? விளையாட்டு என்பதால் யாரும் பதறவில்லை.

கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 சனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. இணையவழி விற்கப்படும் விளையாட்டையோ திரைப்படத்தையோ நிறுவனம் பின்னர் பறிக்க முடியுமானால், 'நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே' என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'வாங்கு' என்ற பொத்தான் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமன்றம் நினைத்திருப்பது மொழியாசிரியனான எனக்கு மகிழ்ச்சி தருகின்றது.

ஆகவே, 'தனியாக விற்றால் போதும்' என்று நான் சொல்ல மாட்டேன். எப்படி விற்கின்றார்கள் என்பதும் முக்கியம். நல்ல வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன:

அ) போலந்து நாட்டில் 2008இல் தொடங்கிய 'ஜி.ஓ.ஜி.' கடை, பழைய கணினி விளையாட்டுகளைப் பூட்டு இல்லாமல் விற்கின்றது. வாங்கிய கோப்பைப் பதிவிறக்கி நம் வட்டில் சேமித்துக்கொள்ளலாம். கடை நாளை மூடினாலும் நம்மிடமுள்ளது நம்மிடமே இருக்கும்.

ஆ) நிண்டெண்டோவே 2016இல் 30 விளையாட்டுகளை உள்ளடக்கிய சிறு பெட்டி ஒன்றை 59.99 டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டில் 21 விளையாட்டுகளுடன் இன்னொன்று வந்தது. இணையமும் வேண்டா, சந்தாவும் வேண்டா. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அப்படியிருந்தும் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்!

இ) தொகுப்பாக விற்பது. கொனாமி நிறுவனம் 2019இல் 'கொன்ட்ரா' வரிசையின் பழைய விளையாட்டுகளை ஒரே தொகுப்பாக 19.99 டாலருக்கு வெளியிட்டது. ஏறத்தாழ ஓராண்டுச் சந்தாவின் விலைதான். ஆனால், இது ஒரே முறை.

என் நிலைப்பாடு

சந்தாவை ஒழிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நூலகம் இருக்கட்டும், புத்தகக் கடையும் இருக்கட்டும் என்கின்றேன். நூலகம் இருக்கின்றதே என்று எந்தப் பதிப்பாளராவது நூல் விற்பதை நிறுத்துவாரா? அன்று நம் பட்டணங்களில் தமிழ்ப்படக் கேசட்டுகளை வாடகைக்கு விட்ட வீடியோ கடைகள் இருந்தன. அங்கேகூட நாம் விரும்பிய படத்தை மட்டும் எடுத்து வந்தோம். ஒரு படத்துக்காக அலமாரி முழுவதற்கும் பணம் கட்டு என்று எந்தக் கடைக்காரரும் கேட்கவில்லை.

முப்பது நாற்பது ஆண்டுக்கு முன்பே செலவுக்கு மேல் பன்மடங்கு ஈட்டிக் கொடுத்துவிட்ட விளையாட்டுகள் இவை. இன்றைய பெட்டிக்கு ஏற்பச் சீர்செய்யும் செலவு உண்டுதான். அதற்கு உரிய விலையைப் பெறட்டும். 'ஒரே விளையாட்டை ஒருமுறை விற்றால் இலாபம் ஒருமுறைதான். சந்தாவாக்கினால் ஆண்டுதோறும்' என்னும் கணக்குக்காக விற்பனைக் கதவையே அடைப்பது முறையன்று. சந்தாவில் இருக்கும் ஒவ்வொரு பழைய விளையாட்டும் தனி விலைக்கும் கிடைக்க வேண்டும். வாங்கியது ஆளின் கணக்கோடு அடுத்த பெட்டிக்கும் செல்ல வேண்டும். இணையம் இல்லாமலும் இயங்க வேண்டும். இந்த மூன்றும் நியாயமான கோரிக்கைகள் என்றே கருதுகின்றேன்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

1. பிள்ளை கேட்டவுடன் சந்தாவில் சேராதீர். எந்த விளையாட்டு வேண்டும் என்று பெயர் கேளுங்கள். அது தனியாகவோ தொகுப்பாகவோ விற்கப்படுகின்றதா என்று முதலில் தேடுங்கள்.

2. சந்தா வேண்டுமென்றால் பள்ளி விடுமுறையில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். பணம் கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு மாதத்தில் பிள்ளைக்கு உண்மையில் பிடித்தது எது என்று தெரிந்துவிடும்.

3. கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று அட்டவணை எழுதட்டும். கணிதப் பயிற்சி நூலில் இல்லாத நல்ல கணக்கு இது.

4. நீங்களும் உடன் அமர்ந்து ஆடுங்கள். பழைய விளையாட்டின் சிறப்பே அதுதான். அதில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையைவிடக் கெட்டிக்காரர்கள்!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'சந்தாவா, சொந்தமா?' என்பதைப் படிநிலை இரண்டு மாணவர்களின் வாதக் கட்டுரைக்குத் தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். 'மரம் நடுவோம்', 'நன்றி மறவேல்' என்றால் கொட்டாவி விடும் பையன்கள்கூட இதற்கு இரண்டு பக்கம் எழுதுகின்றார்கள். என் வகுப்பில் கண்ட உண்மை இது.

அந்தப் பெற்றோருக்கு என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வாயிலில் சந்தித்தபோது நான் அறிந்ததைச் சொன்னேன். மாரியோவைப் பற்றி அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. கொன்ட்ரா தொகுப்பை வாங்கிவிட்டார்கள். பாதிப் பணம் பையனின் உண்டியலிலிருந்து வந்ததாம். இருவர் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியை நிறுத்திவிட்டு அப்பாவும் மகனும் தோளோடு தோள் உரசி அமர்ந்து ஆடுகின்றார்களாம்.

"இவரு சத்தம்தான் ஐயா அதிகமா இருக்கு" என்றார் அந்தத் தாயார்.

அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டில் பணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த விளையாட்டுக்காக யாருக்கும் மறுபடியும் ஒரு சென்னும் கட்ட வேண்டியதில்லை. எனக்கு இது போதுமான விடையாகத் தோன்றுகின்றது. உங்கள் வீட்டில் எப்படி? சிந்தித்துப் பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் கூறுங்கள், கற்றுக்கொள்ளக் காத்திருக்கின்றேன்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்